கணினி வகுப்பறையும் ஆசிரியரின் மனநிறைவும்

1970-களில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கணினி வழியாகப் பாடம் நடத்தும் இரண்டு பெரிய திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. ஒன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960 முதல் வளர்த்துவந்த பிளேட்டோ. மற்றொன்று, மைட்டர் நிறுவனமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய டிக்கிட். இரண்டும் சமுதாயக் கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்தன. அவற்றை மதிப்பிடும் பொறுப்பு எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற அமைப்பிடம் போயிற்று. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வெளிவந்த அறிக்கைகள் பலரையும் குழப்பின. பிளேட்டோவில் படித்தவர்களின் மதிப்பெண்ணில் சீரான முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. ஆனாலும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அது பிடித்திருந்தது. டிக்கிட்டில் பாடத்தை முடித்தவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் பாதியில் விட்டுப்போனவர்கள் ஏராளம், அதன்மேல் பிரியம் வைத்தவர்கள் குறைவு.

இரண்டுக்கும் இடையே இருந்த முக்கிய வேறுபாடு ஆசிரியரின் இடம். பிளேட்டோவை எப்போது பயன்படுத்துவது, எவ்வளவு நேரம், எந்தப் பாடத்துக்கு என்று தீர்மானித்தவர் ஆசிரியர். டிக்கிட் முழுப் பாடத்தையும் தானே சுமந்தது. ஆசிரியர் அதன் ஓரத்தில் நின்றார். கணினி வகுப்பறையில் ஆசிரியர் நிறைவாக இருக்கிறாரா என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொள்ளும் எவரும் இந்தப் பழைய அறிக்கைகளிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு செய்திகள் அப்போதே துலங்கிவிட்டன. ஆசிரியரின் நிறைவும் மாணவரின் கற்றலும் தனித்தனியே அளக்க வேண்டியவை. அந்த நிறைவு இயந்திரத்தின் திறனைக் காட்டிலும், வகுப்பின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது.

பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்தியை மறந்தன. பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களிடம் நீட்டும் படிவங்களைப் பார்த்தால் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கணினியின் வேகம் போதுமா, ப்ரொஜெக்டர் தெளிவாகத் தெரிகிறதா, இருக்கை வசதியா, ஏசி வேலை செய்கிறதா, இணையம் நிற்காமல் வருகிறதா? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவை அளப்பது மனக்குறை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல், பிட்ஸ்பர்க் பகுதியின் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். வேலையில் அதிருப்தியைத் தருபவை ஒரு வகை: வேலைச் சூழல், மேற்பார்வை, நிறுவனத்தின் விதிகள், சம்பளம். நிறைவைத் தருபவை வேறு வகை: சாதித்த உணர்வு, வேலையின் தன்மை, கையில் உள்ள பொறுப்பு. முதல் வகையைச் சரிசெய்தால் முணுமுணுப்பு அடங்கும், நிறைவு வந்துவிடாது. அவருடைய ஆய்வு முறைமீது பின்னாளில் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன, அவற்றில் நியாயமும் உண்டு. இருந்தாலும் கணினி வகுப்பறைக்கு இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்துகிறது. ஏசி ஓடாத அறையைப் பற்றி ஆசிரியர் புகார் எழுதுவார். ஓடும் ஏசியைப் பற்றி, இன்று பாடம் நன்றாகப் போயிற்று என்று யாரும் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி லேபை எடுத்துக்கொள்வோம். நீள மேசைகள், வரிசை வரிசையாகச் சிஸ்டம்கள், ஒரு மூலையில் ஆசிரியரின் மேசை, கதவருகே செருப்பு வைக்கும் அடுக்கு. ஒரு பேட்ச் வரும், தொடர்ந்து இரண்டு மூன்று பீரியட் இருக்கும், போகும். இந்த அறையின் வடிவத்தைத் தீர்மானித்தவை எவை? தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் அங்கீகார விதிகள் எத்தனை மாணவருக்கு ஒரு கணினி, எத்தனை மென்பொருள் உரிமங்கள், எத்தனை பிரிண்டர், எந்த அளவு இணைய இணைப்பு என்று கேட்கின்றன. ஆய்வுக்குழு வரும்போது ஸ்டாக் ரிஜிஸ்டரையும் இயந்திரங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டெர்னல் தேர்வாளர் வரும்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஓடுகிற ஒரு சிஸ்டம் இருக்க வேண்டும். இந்தத் தேவைகளுக்கு அறை நன்றாகவே ஈடுகொடுக்கிறது. அந்த அறையில் ஒருவர் நின்று அறுபது பேருக்கு எதையாவது விளக்க வேண்டும் என்பது மட்டும் யாருடைய பட்டியலிலும் இல்லை.

ஆகவே என்ன நடக்கிறது? முன்னால் நின்று பேசினால் மானிட்டர்களுக்குப் பின்னால் முகங்கள் மறைகின்றன. யார் கேட்கிறார்கள், யார் வேறு எதையோ பார்க்கிறார்கள் என்று தெரிவதில்லை. பின்னால் போய் நின்றால் திரைகள் தெரியும், முகங்கள் தெரியாது. வரிசைகளுக்கு இடையே ஒருவர் குனிந்து நிற்க இடம் விட்டிருக்க மாட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்த மாணவியின் பிழையைப் பார்க்க மூன்று நாற்காலிகள் நகர வேண்டும். “மேம், அவுட்புட் வரல” என்று ஒரே நேரத்தில் நான்கு மூலைகளிலிருந்து குரல் எழும்பும்போது ஆசிரியர் எங்கே போவது என்பதை அறையே தீர்மானித்துவிடுகிறது: எங்கே போக வழி இருக்கிறதோ அங்கே. இதற்கிடையில் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்க ஒரு வரிசை காத்திருக்கும். லேபின் பாதி நேரம் அந்தக் கையெழுத்துகளிலேயே கரைகிறது. கோட்பாட்டுப் பாடத்தைக் கரும்பலகை உள்ள வேறு அறையில் நடத்தியிருப்பார். அங்கே சொன்ன சுழல் கட்டளையை மாணவர் தட்டிப் பார்ப்பது சில நாள் கழித்து. அந்த இடைவெளியைப் பற்றி நல்ல ஆசிரியர்கள் வருந்துவதைத் துறை அறைகளில் அடிக்கடி கேட்கலாம். எந்தத் திருப்திப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

கடவுச்சொல் இன்னொரு பெரிய விஷயம். ஒரு பாடத்துக்கு ஒரு புதிய நிரல்தொகுப்பு வேண்டும். அதை நிறுவும் உரிமை சிஸ்டம் அட்மினிடம் இருக்கிறது. அவர் வேறு கட்டடத்தில் இருப்பார், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். இயந்திரங்கள் கெட்டுப்போகாமல் இருக்க டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருப்பார்கள். மறுபடி இயக்கும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும், மாணவர் சேமித்ததும் அதோடு போகும். பராமரிப்பவருக்கு இது பெரிய நிம்மதி, மறுக்க முடியாது. ஆனால் பாடத்திட்டத்தை ஓர் அங்குலம் தாண்டிப் புதிதாக எதையாவது காட்ட நினைக்கும் ஆசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டு மூன்றாம் முறை நிறுத்திக்கொள்வார். தமிழ்த் துறை ஆசிரியர் மாணவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு சொல்லிக்கொடுக்க லேபுக்கு வரும்போதும் இதே கதைதான். உள்ளீட்டு வசதி ஒரு இயந்திரத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஆசிரியர் கேட்பதை நிறுத்திக்கொண்டதும் புகாரும் நின்றுவிடும். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்த அறைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1963-இல் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 வந்தபோது, பிற கல்லூரி ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் வரவழைத்துக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். இயந்திரம் அரிதாக இருந்ததால் ஆசிரியரின் நேரத்துக்கு மதிப்பு இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் மொழியையும் நேரப் பகிர்வு முறையையும் இயக்கிக் காட்டினார்கள். கணினித் துறையைச் சேராத ஆசிரியரும் மாணவரும் தாங்களே உட்கார்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

ஆசிரியர் நிறைவாக இருக்கிறாரா என்ற கேள்விக்கு, எந்தத் துறை ஆசிரியர் என்பதைப் பொறுத்தும் பதில் மாறுகிறது. எம்ஐடி 1983-இல் அதீனா திட்டத்தைத் தொடங்கியது. டிஜிட்டல், ஐபிஎம் நிறுவனங்களின் உதவியோடு வளாகம் முழுதும் கணினிகள் வந்தன. திட்டம் 1991 வரை நீண்டது. அப்போது அங்கே கள ஆய்வு செய்த ஷெர்ரி டர்க்கிள், ஆசிரியர்களின் மனநிலையைத் துறை துறையாகப் பதிவுசெய்தார். கட்டடப் பொறியியல் ஆசிரியர்களில் சிலர், திரையில் கட்டமைப்பைப் பார்த்துப் பழகும் மாணவர் பொருளின் கனத்தையும் அளவுகளின் நியாயத்தையும் உணராமல் போய்விடுவாரோ என்று அஞ்சினார்கள். இயற்பியலாளர்கள் சோதனைத் தரவுகளைத் திரட்டக் கணினியை ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத உருவகிப்புகளைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இந்த அதிருப்தியை அறையின் குறையாகவோ ஆசிரியரின் பழமைவாதமாகவோ வகைப்படுத்தினால் தவறிவிடுவோம். தன் துறையில் அறிதல் என்றால் என்ன என்பது பற்றி அந்த ஆசிரியர் கவலைப்பட்டார். அந்தக் கவலைக்கு வேகமான சிஸ்டம் பதிலாகாது.

அறையையே மாற்றிப் பார்த்தவர்களின் அனுபவம்தான் இந்த விவாதத்தில் மிகவும் வளமான பகுதி. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலர் பாலிடெக்னிக் கழகத்தில் ஜாக் வில்சன் 1993-இல் ஸ்டூடியோ இயற்பியலைத் தொடங்கினார். விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வகம் மூன்றும் கணினி உள்ள ஒரே அறைக்குள் வந்தன. நல்ல பெயர் கிடைத்தது, பரிசுகளும் கிடைத்தன. ஆனால் 1999-இல் அதே வகுப்புகளை அளந்து கேரன் கம்மிங்ஸ் குழு வெளியிட்ட முடிவு சங்கடமானது. விசை பற்றிய கருத்துகளில் மாணவர் பெற்ற முன்னேற்றம் பழைய விரிவுரை வகுப்பின் அளவிலேயே இருந்தது. கூட்டாகக் கணக்குப் போடுவது, சோதனையின் விளைவை முன்கூட்டி ஊகித்துச் சரிபார்ப்பது போன்ற ஆய்வில் தேறிய முறைகளைச் சேர்த்த பிறகுதான் அளவு கூடியது. அறை மாறினால் பாடம் தானாக மாறிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது முக்கியமான பாடம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் 1990-களில் உருவாக்கிய ஸ்கேல்-அப் முறை மேசையிலிருந்து தொடங்கியது. பல அளவுகளைச் சோதித்து ஏழு அடி விட்டமுள்ள வட்ட மேசையைத் தேர்ந்தார். ஒரு மேசைக்கு ஒன்பது பேர். மூன்று பேர் கொண்ட மூன்று குழுக்கள். குழுவுக்கு ஒரு மடிக்கணினி. மூவருக்கு ஒன்று என்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. ஆளுக்கொரு திரை இருந்தால் பேச்சு நின்றுபோகும். நம் ஊர் விதிகள் கணினியைக் கூட்டுவதையே முன்னேற்றமாக எண்ணும்போது, அங்கே ஒருவர் குறைத்துப் பார்த்து முன்னேறியிருக்கிறார். மேசைகளுக்கு இடையே ஆசிரியர் நடக்கத் தாராளமாக இடம் விட்டார்கள். இந்த அறையில் பாடம் நடத்தியவர்கள் விரும்பியதற்கு அந்த நடைவழி பெரிய காரணம் என்பது என் கணிப்பு. எந்த மாணவரிடமும் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர முடிந்தால், அந்த வகுப்பு ஆசிரியரின் கையில் இருக்கிறது.

எம்ஐடியில் ஜான் பெல்ச்சர் இதைத் தழுவி டீல் என்ற பெயரில் முதலாண்டு இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். பதின்மூன்று வட்ட மேசைகள், 117 இடங்கள், சுற்றிலும் திரைகள். 2003-இல் முழு வகுப்புக்கும் விரித்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை, வருகையும் உயர்ந்தது, தோல்வி விகிதமும் பாதிக்கும் கீழே வந்தது. சிறிய அளவில் வடிவமைத்தவர்களே நடத்தியபோது ஒழுங்காக ஓடிய வகுப்பு, பல ஆசிரியர்களின் கைக்குப் பரவும்போது ஆளுக்கு ஆள் வேறுபடுவது இயல்பு. ஓர் அறையைத் தானே கனவு கண்டு கட்டிய ஆசிரியரின் மனநிறைவை, அந்த அறை கால அட்டவணையால் ஒதுக்கப்பட்ட ஆசிரியரின் மனநிறைவாக நினைத்துவிடக் கூடாது. வெளிவரும் உற்சாகமான கட்டுரைகளில் கணிசமானவை முதல் வகையினர் எழுதியவை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வு இவற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. 2007-இல் அங்கே புதுவகை அறைகளை முயன்று பார்க்கத் தொடங்கினார்கள்: வட்ட மேசைகள், மடிக்கணினி இணைப்புகள், சுவரெங்கும் வெண்பலகைகள். அறைக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. எங்கே நிற்பது, யாரைப் பார்த்துப் பேசுவது என்று பழக ஆசிரியர்களுக்கு நாள் பிடித்தது. கிறிஸ்டோஃபர் புரூக்ஸ் ஒரே ஆசிரியர், ஒரே பாடத்தை, ஒரே பாடக்குறிப்புகளோடு பழைய அறையிலும் புதிய அறையிலும் நடத்த ஏற்பாடு செய்து ஒப்பிட்டார். புதிய அறையின் மாணவர்கள் நுழைவுத் தேர்வில் பின்தங்கியவர்கள். ஆனாலும் பாட முடிவில் மற்ற வகுப்போடு சமமாக வந்துவிட்டார்கள். அதைவிட என்னை ஈர்த்தது அடுத்த கண்டுபிடிப்பு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடத்த அந்த ஆசிரியர் முயன்றும், பழைய அறையில் அதிக நேரம் மேடையில் நின்று விரிவுரை நிகழ்த்தினார். புதிய அறையில் அதிகமாகக் கலந்துரையாடினார், மேசை மேசையாகப் போய் உதவினார். அறை அவரை நகர்த்தியிருக்கிறது. தான் எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்று ஆசிரியர் தாமே எழுதித் தரும் பதிலை மட்டும் நம்பும் படிவத்தில் இந்த உண்மை ஒருநாளும் பதிவாகாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் இருந்ததால்தான் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர்முனையில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கணித எம்போரியம் நிற்கிறது. 1997-இல், பல்பொருள் அங்காடியாக இருந்த ஒரு பெரிய கூடத்தில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணினிகளோடு தொடங்கினார்கள். தொடக்கத்தில் இரவும் பகலும் திறந்திருந்தது. விரிவுரை கிடையாது. மாணவர் தன் வேகத்தில் படிப்பார். உதவி தேவைப்பட்டால் கணினியின்மேல் சிவப்பு நிறக் கோப்பையை வைப்பார், உதவியாளர் வருவார். நேரியல் இயற்கணிதப் பாடத்தில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு 91 டாலரிலிருந்து 21 டாலராகக் குறைந்தது. நிர்வாகத்துக்கு நிறைவு என்பதில் ஐயமில்லை. ஆசிரியருக்கு? சிக்கிக்கொண்ட ஒருவருக்குச் சிக்கிய இடத்திலேயே உதவுவது சிலருக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி தரும். ஒரு தேற்றத்தைக் கட்டியெழுப்பி ஒரு மணி நேரத்தில் முழு வகுப்பையும் அதன் உச்சிக்கு அழைத்துப் போவதில் உயிர் வைத்திருப்பவருக்கு அந்தக் கூடத்தில் செய்ய ஒன்றுமில்லை. இருவரும் நல்லாசிரியர்கள்தாம். எம்போரியம் போன்ற அமைப்பு ஒருவரைத் தேர்ந்து மற்றவரை விலக்குகிறது. விலக்கப்பட்டவர் பிற்பாடு வரும் கருத்துக்கணிப்பில் இருக்க மாட்டார்.

கருத்துக்கணிப்புகளின் முதல் பலவீனமே இதுதான்: அறையைப் பிடிக்காதவர் அந்த அறையைக் கேட்டு வாங்குவதில்லை, கேட்டு வாங்கியவர்களிடமே பிடித்திருக்கிறதா என்று கேட்கிறோம். ரென்சிஸ் லிக்கெர்ட் 1932-இல் தந்த ஐந்து புள்ளி அளவுகோலும் சராசரியாக மாறும்போது பல விஷயங்களை விழுங்கிவிடுகிறது. ஐந்து பேர் 5 என்றும் ஐந்து பேர் 1 என்றும் குறித்தால் சராசரி 3. அறிக்கையில் அது “நடுத்தர நிறைவு” ஆகிவிடும், அந்தக் கல்லூரியில் நடுத்தர நிறைவோடு ஒருவர்கூட இல்லாதபோதும். நம் நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. படிவம் துறைத்தலைவர் வழியாக வந்து அவர் வழியாகவே திரும்பிப் போகிறது. தற்காலிக நியமனத்தில் இருக்கும் இளம் ஆசிரியர் எந்த எண்ணைக் குறிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர் திருப்திக்குத் தனிக் கணிப்பு உண்டு. ஆசிரியரிடம் கேட்பது பெரும்பாலும் பாடத்திட்டம் பற்றிய கருத்து. அவர் தினமும் நிற்கும் அறையைப் பற்றி அவரிடம் பெயர் இல்லாமல், அச்சமில்லாமல் பதில் சொல்லும்படி கேட்பது இன்னும் வழக்கமாகவில்லை. இது எனக்கு வேதனை தரும் விஷயம்.

இப்போது கேள்வியே உருமாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. எல்லோர் பையிலும் கணினி இருந்தால் எந்த வகுப்பறையும் கணினி வகுப்பறைதான். ஆசிரியரின் பழைய குறைகள் சில இதனால் தீரும். கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம், சேமித்தது அழியாது, கோட்பாட்டு வகுப்பிலேயே தட்டிப் பார்க்கலாம். புதியவை முளைக்கும். ஒவ்வோர் இருக்கைக்கும் மின்செருகி இல்லாத கூடத்தில் இரண்டாம் பீரியடிலேயே பேட்டரி தீரும். ஒருவர் கையில் ஒரு பதிப்பும் இன்னொருவர் கையில் வேறு பதிப்புமாக மென்பொருள் ஓடும். செய்முறைத் தேர்வுக்கு எப்படியும் ஒரே மாதிரியான இயந்திரங்கள் வேண்டும். கவனச் சிதறலும் உண்டு. கனடாவில் சனா, வெஸ்டன், செபேடா 2013-இல் வெளியிட்ட சோதனையில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைந்தது; அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது. பக்கத்துத் திரையைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லிவந்த புகார் வெறும் எரிச்சல் இல்லை என்பதற்கு இது போதுமான சான்று. வட்ட மேசையில் திரைகளை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுகூட இனி யோசிக்க வேண்டியதாகிறது.

அதனால் இருக்கிற லேபைக் கலைப்பதா, புதிதாகக் கட்டுவதா என்று யோசிக்கும் கல்லூரிகள் இன்னொரு திருப்திப் படிவம் அச்சடிப்பதற்கு முன் மினசோட்டாவில் செய்ததைச் செய்து பார்க்கலாம். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரு பிரிவுக்கு வரிசை லேப், இன்னொரு பிரிவுக்கு மேசைகளை நகர்த்தி மூவருக்கு ஒரு மடிக்கணினி வைத்த சாதாரண அறை. பருவம் முழுதும் ஆசிரியர் எங்கே நின்றார், எத்தனை மாணவர் பக்கத்தில் போனார், பாடம் தொடங்கும் முன் எத்தனை நிமிடம் வீணாயிற்று என்று குறித்துவைக்க வேண்டும். பருவ முடிவில் அவரிடம் எண் கேட்க வேண்டாம். எந்த அறையில் எதைச் செய்ய நினைத்துக் கைவிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். இதற்குப் புதிதாக ஒரு சிஸ்டம்கூட வாங்க வேண்டியதில்லை. இரண்டு அறைகளும், ஒப்புக்கொள்ளும் ஓர் ஆசிரியரும், பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.